நான் எடுக்காமல் விட்ட மை

போன மாதம் பக்கத்து ஊரான செமாபோக்கிலிருந்து சேகர் ஒரு மேசைப் பலகையை வேனில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் ஓய்வு பெறுவதற்கு முன் என் கீழ் நான்கு வருடம் வேலை பார்த்தவன். இப்போது சொந்தமாகப் பாலிஷ் கடை வைத்திருக்கிறான். பலகை ஏதோ ஒரு கம்பெனியின் கூட்ட மேசையாம். மெல்லிய காகிதத்தை விரித்து அதன்மேல் பெர்மனெண்ட் மார்க்கரால் யாரோ மும்முரமாக எழுதியிருக்கிறார்கள். மை காகிதத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. அந்த மாத விற்பனைத் திட்டம் முழுவதையும் மேசையிலேயே படித்துவிடலாம் போலிருந்தது.

"ஐயா, தின்னர் ஊத்தி ஒரே இழுப்பா இழுத்துட்டா போயிடும்தானே?" என்றான்.

டப்பாவை முதலில் மூடு என்றேன். ஏன் என்று கேட்டான். நான் நின்றுகொண்டு விளக்க ஆரம்பித்தால் அவன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான் என்பது எனக்குத் தெரியும். செய்முறையை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அந்த அரைப் பக்கத்தை நான் கற்றுக்கொண்ட விதம் அதில் அடங்காது. அதை இங்கே எழுதுகிறேன்.

அரசாங்க பங்களாக்களுக்கும் அலுவலகங்களுக்கும் மரச்சாமான் செய்து, பழுது பார்த்துக் கொடுக்கும் பட்டறை ஒன்று அப்போது எங்கள் ஊரில் காஜா பேராங் பகுதியில் இருந்தது. இருபத்தோரு வயதில் அங்கே பாலிஷ்காரனாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் உப்புத்தாள் தேய்த்தேன். அடுத்த ஆறு மாதம் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தேன். பிறகுதான் பாலிஷ் பூசும் பஞ்சுப் பொதியைக் கையில் கொடுத்தார்கள். பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான்.

எங்கள் மண்டோர், அதாவது மேஸ்திரி, பிள்ளை என்பவர். பட்டறைக்குப் பின்னாலிருந்த சிட்டி கம்பத்துக்காரர்; பல நூறு வருடங்களுக்கு முன் இங்கே குடியேறி மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்களைச் சிட்டி என்பார்கள், கம்பம் என்றால் கிராமம். பெயர் தமிழ்ப் பெயர், நெற்றியில் திருநீறு, கும்பிடுவது நம் சாமிகளை. பேச்சு மட்டும் முழுக்க மலாய். முதல் நாள் நான் தமிழில் நீட்டி முழக்கி என்னைப் பற்றிச் சொன்னபோது, மிகவும் மரியாதையாகக் கேட்டு முடித்துவிட்டு மலாயில், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை என்று மத்தியானம்தான் தெரிந்தது. அவர் பேசியதை இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

பழுதான மேசை ஒன்று வந்தால் அவர் உடனே தொடமாட்டார். ஒரு முறை சுற்றி வருவார். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து, வெளிச்சம் பலகையின்மேல் வழுக்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பார். கறை மின்னினால் பாலிஷுக்கு மேலே இருக்கிறது, மங்கினால் மரத்துக்குள் போய்விட்டது. பிறகு போய்க் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, விரல்களின் பின்பக்கத்தால் தடவுவார். இதெல்லாம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது. அவருக்குப் பொறுமை அதிகம், எங்களுக்குத்தான் கால் வலிக்கும்.

மைக்கறை பாலிஷுக்கு மேலே இருந்தால் அவர் எடுப்பது ஒரு பால் டின். அதில் மாவு போன்ற சாம்பல் இருக்கும். விரலில் துணியைச் சுற்றி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, சாம்பலைத் தொட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்ப்பார். பத்து இழுப்புக்கு ஒரு தடவை துணியைப் பார்ப்பார். துணியில் கறுப்பு வந்தால் மை வருகிறது, தேய்க்கலாம். பழுப்பு வந்தால் பாலிஷ் வருகிறது, நிறுத்த வேண்டும். ஸ்பிரிட்டைக் கடைசியில்கூட எடுக்கத் தயங்குவார். அரக்கையும் அதுதான் கரைக்கிறது, மையையும் அதுதான் கரைக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கரைத்துவிட்டால் மைக்கு மரத்துக்குள் போக வழி திறந்துவிட்டதாக ஆகும்.

இவ்வளவையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்றை மட்டும் தப்பாகப் புரிந்துகொண்டேன். அந்தப் பால் டின் இருந்தது பிள்ளையார் படம் வைத்த பலகையில். படத்துக்கு முன்னால் தட்டில் திருநீறு. காலையில் சூடம் ஏற்றிவிட்டு அந்தத் தட்டிலிருந்துதான் மண்டோர் நெற்றியில் இட்டுக்கொள்வார். டின்னிலிருப்பதும் அதே திருநீறு, தட்டு காலியானால் அதிலிருந்து நிரப்புகிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சாமி திருநீற்றை எடுத்துக் கண்டவர் மேசையில் மைக்கறைக்குத் தேய்க்கிறாரே என்று உள்ளுக்குள் குமைந்தேன். தமிழ் தெரியாதவர், அதனால் முறையும் தெரியவில்லை என்று ஓர் இளக்காரம்கூட எனக்கு இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கேட்டிருக்கலாம். பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு வருடம் கேட்காமலே இருந்தேன்.

பட்டறையில் அவர் வைத்திருந்த இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். கெடுத்தவன்தான் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு முறை ஆ செங் என்ற பாலிஷ்காரர் சூடான பசைச் சட்டியை ஒரு மாஜிஸ்திரேட்டின் அலமாரிமேல் வைத்து வட்டம் போட்டுவிட்டார். மண்டோர் திட்டவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆ செங்கோடு அந்த வீடுவரை போனார். வாசலுக்கு வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே போகமாட்டார், ஆள் வெளியே வரும்வரை நகரவும் மாட்டார்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் அடைவதற்கு, ஒரு மாதமோ என்னவோ இருக்கும்போது இது நடந்தது. தெங்கேராவைத் தாண்டிக் கடலோரமாக இருந்த பங்களாவில் எங்கள் பட்டறைக்கு மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை குடியிருந்தார். குடும்பத்தோடு கப்பலேறப் போகிறார். போவதற்கு முன், நாள்கூலிகளான எங்களில் மூன்று பேரை நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போடுவார் என்று பேச்சு. மூன்றில் ஒரு பேர் என்னுடையது.

அந்த வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அஞ்சலை அக்கா. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். துரைமார் போய்விட்டால் ஆயா வேலைக்கு எங்கே போவது என்று அப்போது ஊரில் பல பெண்களுக்குக் கலக்கம். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் இடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு வேண்டியது ஒன்றுதான், துரைசாணி கையால் எழுதிய நற்சான்றுக் கடிதம்.

ஒரு மத்தியானம் அக்கா பட்டறைக்கு மூச்சு வாங்க வந்தார். துரை கோலாலம்பூரில், துரைசாணி சிங்கப்பூரில், இரண்டு பேரும் மறுநாள் மாலை திரும்புகிறார்கள். அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தை துரையின் எழுது மேசையில் கிறுக்கிவிட்டது. அரசாங்கத்து மேசை, புதிதாக வரும் அதிகாரிக்குப் பட்டியல் போட்டு ஒப்படைக்க வேண்டியது.

"குழந்தையை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க தம்பி. என்னையத்தான் கேப்பாங்க. கடுதாசி குடுக்கிற நேரம் பாத்து இப்படி ஆயிப்போச்சே" என்றார்.

மண்டோர் இரண்டு நாள் விடுப்பில் இருந்தார். பழங்கள் பழுக்கும் பருவத்தில் முன்னோர்களுக்குப் பழங்களை வைத்துப் படைக்கும் வழக்கம் சிட்டி வீடுகளில் உண்டு. அவர் வீட்டில் அந்தப் படையல். பின் சுவரைத் தாண்டினால் ஆள் இருக்கிறார். படையல் நாளில் போய் நிற்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், தனியாக ஒரு வேலையை முடித்துக் காட்ட எனக்குக் கை துறுதுறுத்தது. வேலைச் சீட்டு இல்லாமல் அரசாங்கச் சாமானில் கை வைக்கக்கூடாது என்பதும் தெரியும். யாருக்குத் தெரியப்போகிறது?

சாமான் பையில் எண்ணெயும் துணியும் வைத்தேன். பால் டின்னை எடுக்கக் கை நீட்டினேன். பிள்ளையாரைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் மேசைக்குத் திருநீறா என்று கையை மடக்கிக்கொண்டேன். ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

குழந்தை கிறுக்கிய பேனாவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குட்டையான கண்ணாடிக் குப்பி, உள்ளே மை, வாயில் தடித்த கம்பளித் திரி. பெட்டிகளில் பேர் எழுதத் துரை வரவழைத்ததாம். இன்றைய மார்க்கரின் பாட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். மேசையில் ஊதாவும் கறுப்புமாக ஒரு கப்பல். புகைபோக்கி, புகை, கப்பலில் நான்கு பேர். நான்காவதாக நின்ற ஆளுக்குப் புடவையும் கொண்டையும் இருந்தன. குழந்தை ஆயாவையும் கப்பலில் ஏற்றியிருந்தது. அக்கா அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குனிந்து பார்த்தேன். மை மின்னியது. பாலிஷுக்கு மேலேதான் இருக்கிறது, பாதி வேலை முடிந்த மாதிரி என்று சந்தோஷப்பட்டேன். துணியில் ஸ்பிரிட்டை நனைத்துக் கப்பலின்மேல் ஓர் இழுப்பு இழுத்தேன். கப்பல் கரைந்து போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது இழுப்பில் துணி ஒட்டிக்கொண்டது. அரக்கு இளகிவிட்டது. மூன்றாவதில் துணியில் ஊதாவும் பழுப்பும் சேர்ந்து வந்தன. நிறுத்தியிருக்க வேண்டும். பதற்றத்தில் இன்னும் ஊற்றித் தேய்த்தேன். மை தேக்கின் துளைகளுக்குள் இறங்கிச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஊதாவாகப் பரவியது.

பட்டறைக்கு ஓடிப்போய் ஆக்சாலிக் உப்பைக் கொண்டுவந்தேன். சீனி போல வெள்ளையாக இருக்கும், நஞ்சு. தண்ணீரில் கரைத்துத் தடவினால் மரத்தில் ஊறிய பேனா மை கண்ணெதிரே மறையும். அது பேனா மையின் இரும்பை எடுப்பது. இந்தப் புது மையில் இரும்பு இல்லை என்று எனக்கென்ன தெரியும்? மை அப்படியே இருந்தது, சுற்றியிருந்த மரம் வெளுத்தது. கடைசியில் சாயம் கலந்த அரக்கைப் பூசி மூடினேன். சாத்திய ஜன்னலின் மங்கல் வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு வந்தேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நான்காம் நாள் அக்கா ஒரு கவரோடு வந்து, படித்துச் சொல்லச் சொன்னார். என் அப்பா என்னை ஐந்தாவது வரை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பியிருந்தார். துரைசாணியின் எழுத்து தெளிவாக இருந்தது. சுத்தமானவள், குழந்தையிடம் அன்பானவள், நேரம் தவறாதவள். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: விலையுயர்ந்த பொருளைக் கெடுத்துவிட்டு, அதை மறைக்கக்கூடியவள்.

கடல் பக்க ஜன்னலைத் திறந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டிருக்கிறது. யார் செய்தது என்று துரைசாணி கேட்க, தானே எதையோ போட்டுத் துடைத்ததாக அக்கா சொல்லியிருக்கிறார்.

"என் பேரை ஏன்க்கா சொல்லல?"

"ஒன்னையக் கூப்புட்டது நாந்தானே. துரை கையெழுத்துக்காகக் காத்துக் கெடக்கிற புள்ள, ஒன்னைய எப்படிக் காட்டிக் குடுக்கிறது?"

பிறகு கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"மை எடுக்கிறதுதானே தம்பி ஒன் தொழிலு. அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துக் குடுத்துரு."

வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், வேறொரு தாளில் என் பேனாவால் இரண்டு வரி எழுதி, ஆக்சாலிக் தண்ணீரைக் குச்சியில் பஞ்சு சுற்றித் தொட்டு வைத்தேன். நீலம் மஞ்சளாகி, மஞ்சளும் போய்விட்டது. ஒற்றுத்தாளால் ஒற்றினேன். தாள் தாளாகவே இருந்தது. கடிதத்தில் இருந்ததும் சாதாரணப் பேனா மைதான். என்னால் முடியும். மேசையில் தோற்ற மருந்து இதில் தோற்காது. ஐந்து நிமிடம் போதும், அக்காவுக்கு வேலை, எனக்கு நிரந்தரம். கடிதத்தை விரித்து, நான்கு மூலையிலும் பாரம் வைத்தேன்.

பின்னால் யாரோ கை கழுவும் சத்தம் கேட்டது. மண்டோர். துடைத்துக்கொண்டு வந்தவர் கடிதத்தைப் பார்த்தார், சோதனைத் தாளைப் பார்த்தார், மேசையைச் சுற்றி ஒரு நடை வந்தார். பழுதான சாமானைப் பார்ப்பது போலவே என்னையும் பார்த்தார். எனக்குப் பொய் வரவில்லை. முழுவதையும் சொன்னேன்.

"மை மேலேதானே இருந்தது? சாம்பலை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டார்.

அது சாமியுடையது அல்லவா என்றேன்.

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டார். டின்னை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது என் வீட்டு அடுப்புச் சாம்பல். என் மனைவி துணியில் மூன்று தடவை சலித்துக் கொடுப்பது. சாமியுடையது கோயிலிலிருந்து வருகிறது, அது தட்டில் இருக்கிறது. இரண்டு வருடமாக என் பக்கத்தில் நிற்கிறாய். ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?"

அவர் நான்கு பாரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்தார், கடிதத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். "லு செண்டிரி சாக்காப்" என்றார். நீயே போய்ச் சொல் என்று அர்த்தம். போய்த் தன் சைக்கிளை எடுத்தார்.

தெங்கேரா வழியாக இரண்டு பேரும் மிதித்தோம். பங்களா வாசலில் வாதாமரத்தடியில் அவர் நின்றுகொண்டார். உள்ளே பாதிச் சாமான் கட்டப்பட்டிருந்தது. துரைசாணியிடம் என் ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷில் சொன்னேன். மேசையைக் கெடுத்தது நான், மறைத்ததும் நான், ஆயா என்னைக் காப்பாற்ற உங்களிடம் பொய் சொன்னார். கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, உள்ளே போய்த் துரையை அழைத்து வந்தார். துரை மேசை பக்கம் போய் வெளுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். என் பேரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். துரைசாணி புதுத் தாள் எடுத்து, முன்பு எழுதியதையே எழுதினார், அந்த ஒரு வரி இல்லாமல். பழையதைக் கிழித்துப் போட்டார். வாசல் திண்டில் உட்கார்ந்து குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அஞ்சலை அக்காவிடம் அதைக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தபோது, மண்டோர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்த மேசையை அவரும் நானும் ஒரு வாரம் இழைத்து, மெல்லிய தோலாகச் சுரண்டி, புதிதாகப் பாலிஷ் போட்டோம். அக்காவுக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. மூன்று பேரில் இரண்டு பேர் நிரந்தரமானார்கள். என் தாளில் துரை ஏதோ குறை எழுதிவிட்டுப் போயிருக்கிறார் என்று அலுவலகக் குமாஸ்தாவான கிராணி சொன்னார். புதிதாக வந்த அதிகாரிகளும் அதைப் பார்த்துப் பார்த்துத் தள்ளிப் போட்டார்கள். ஒன்பது வருடம் நாள்கூலியாகவே இருந்தேன். மழை நாளில் வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை. என் மனைவி பட்ட கஷ்டத்தை இங்கே எழுதினால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும். என் மூத்த மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தது அஞ்சலை அக்காதான். இன்னும் நிரந்தரம் ஆகலையா தம்பி என்று கேட்டார். வரிசையில பின்னால இருக்கேன்க்கா என்றேன். துரைமேல் எனக்குத் தீராத கோபம் இருந்தது. நேரில் போய் உண்மையைச் சொன்னவனுக்கு இதுதானா பரிசு என்று பல வருடம் கறுவிக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற அன்று, என் பழைய தாள்களைக் கோப்பிலிருந்து பிரித்து ஒரு கவரில் போட்டு இளம் கிராணி ஒருத்தி கொடுத்தாள். வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். துரையின் குறிப்பு அதில் இருந்தது. நீல மை, சாதாரணப் பேனா மை. நான் நினைத்ததுபோல் ஒரு வாக்கியம் அல்ல, இரண்டு. அரசாங்க மரச்சாமானைக் கெடுத்து மறைத்தவன். கேட்கப்படாமலே தானாக வந்து சொன்னான். அத்தனை அதிகாரிகளும் முதல் வாக்கியத்தோடு படிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆக்சாலிக் உப்பு என் வீட்டுப் பரணில் இன்னும் அரை டின் இருக்கிறது. அந்த முதல் வாக்கியத்தை எடுக்க ஐந்து நிமிடம் போதும். கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். அதை எடுத்துவிட்டால், தானாக வந்து சொன்னான் என்ற இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் நிற்கும், எதைச் சொன்னான் என்பது தாளில் இருக்காது. தாளை மடித்துக் கவருக்குள்ளேயே வைத்துவிட்டேன்.